இருவகைப் பாதைக்கும் ஏற்ற ஒரு வண்டி

தார் வீதிக்கு ஒரு மோட்டார் சைக்கிளும், கல்லும் மணலும் நிறைந்த பாதைக்கு வேறொன்றும் வாங்கி வைத்திருத்தல் எல்லோர்க்கும் இயலுவதன்று. நாள்தோறும் வீதிவழியே வேலைக்குச் சென்று, ஓய்வு நாளில் காட்டோரப் பாதையிலும் செல்ல விரும்புவோர்க்கு இரண்டிற்கும் ஒரே வண்டி வேண்டும். அதனை எவ்வாறு தெரிவு செய்வது?

இவ்வகை வண்டி புதியதன்று. யமஹா நிறுவனம் 1968ஆம் ஆண்டில் அமெரிக்காவில் விற்ற டீ.டி. 1 என்னும் வண்டி, பாரங் குறைந்ததாய், ஒற்றைச் சிலிண்டர் உடையதாய், வீதிக்குரிய விளக்குகளோடும் அமைந்திருந்தது. அது பெற்ற வரவேற்பு ஏனைய நிறுவனங்களையும் அவ்வழியில் திருப்பியது.

வாங்க வருவோர் பலர் முதலில் வினவுவது எஞ்சினின் வலுவையே. ஆயின் கரடுமுரடான பாதையில் முதலில் சோதிக்கப்படுவது வண்டியின் பாரமும் இருக்கையின் உயரமும் ஆகும். இந்தியாவில் வெளிவந்த இரு வண்டிகள் இதற்குத் தக்க சான்று. 2016இல் வந்த ராயல் என்ஃபீல்டு ஹிமாலயன் 411 சி.சி. எஞ்சின் கொண்டது, 2019இல் வந்த ஹீரோ எக்ஸ்பல்ஸ் 200 சி.சி. அளவினது. இரண்டிற்கும் முன்சில்லு 21 அங்குலம். நிலத்திலிருந்து அடிப்பாகத்தின் உயரம் 220 மில்லிமீற்றர். பெரிய சில்லு கல்லையும் குழியையும் எளிதிற் கடக்கும். ஆயின் முன்னையதன் பாரம் ஏறத்தாழ 190 கிலோகிராம். பின்னையது அதனினும் 35 கிலோகிராம் அளவு குறைந்தது. நெடுஞ்சாலையில் நீண்ட தூரம் செல்வோர்க்குப் பாரமான வண்டியின் நிதானமும் பெரிய எஞ்சினும் இதந்தரும். ஆளரவமற்ற மணற்பாதையில் வண்டி சரிந்து வீழ்ந்தால், தனியொருவர் அதனைத் தூக்கி நிறுத்த முடியுமா என்பதே பெருங்கேள்வி.

பாரங் குறைந்த வண்டியே எல்லோர்க்கும் ஏற்றதென்பதும் சரியன்று. எக்ஸ்பல்சின் இருக்கை 823 மில்லிமீற்றர் உயரமுடையது. ஹிமாலயனின் இருக்கையோ 800 மட்டுமே. கால் நிலத்தில் உறுதியாகப் பதியாத குட்டையானவர், சரிவில் வண்டியை நிறுத்தும்போது தடுமாறுவார்.

டயரும் கவனிக்கத்தக்கது. ஆழமாகப் பிளவுபட்ட டயர் சேற்றைப் பற்றிக்கொள்ளும். ஆனால் தார் வீதியில் அதன் தொடுபரப்புக் குறைவு. மழை நனைத்த வீதியில் சடுதியாகப் பிரேக் பிடித்தால் வழுக்கக்கூடும். மாதத்தில் பெரும்பாலான நாள்கள் தார் வீதியிலேயே ஓடுபவர்க்கு இடைத்தரமான டயரே நன்று.

ஆகவே வாங்குபவர் விலைப்பட்டியலைப் புரட்டுமுன் தமது பயண நாள்களை எண்ணிப் பார்த்தல் வேண்டும். பின்னர் கடையில் வண்டியின்மேல் அமர்ந்து இரு கால்களையும் ஊன்றிப் பார்க்கலாம். எஞ்சினை இயக்காது முன்னும் பின்னும் தள்ளியும் பார்க்கலாம். உதிரிப்பாகங்கள் அண்மையிற் கிடைக்குமா என்பதையும் கேட்டறிதல் வேண்டும். தன்னால் தாங்கி நிறுத்தக்கூடிய வண்டியே ஒருவரைப் பத்திரமாக வீடு கொண்டுவந்து சேர்க்கும்.