மூக்கு நிமிர்ந்த குழிவிரியன்

அமெரிக்க நாட்டில் பன்றிமூக்குப் பாம்பு என்று ஒன்று உண்டு. மேல்நோக்கி வளைந்த மூக்கு நுனியால் மண்ணைக் கிளறித் தேரைகளைத் தேடித் தின்னும். எதிரியைக் கண்டால் சீறும், கழுத்தைப் பரப்பும், அதற்கும் எதிரி அஞ்சாவிடில் மல்லாந்து படுத்துச் செத்ததுபோல் நடிக்கும்! அதற்குச் சிறிது நஞ்சு உண்டு. கடிபட்ட இடம் வீங்குவதும் வலிப்பதும் உண்டேயொழிய, அதனால் மனிதர் மாண்டதாகச் செய்தி இல்லை.

நாம் பிழைப்பின் பொருட்டு வந்து வாழும் இத்திருவனந்தபுரத்தை அடுத்த மலைப் பகுதிகளிலும் மூக்கு நிமிர்ந்த பாம்பு ஒன்று இருக்கிறது. மூக்கு ஒற்றுமையை நம்பி, இதுவும் அதுபோல்வதே என எண்ணிவிடலாகாது. இது குழிவிரியன் இனத்தைச் சேர்ந்தது; மேற்குத் தொடர்ச்சி மலையிலும் இலங்கையிலும் வாழ்வது. பொதுவாக ஒரு முழ நீளந்தான் இருக்கும். கண்ணுக்கும் மூக்குத் துளைக்கும் இடையிலுள்ள சிறு குழியால் இரையின் உடற்சூட்டை உணர்ந்து, இருளிலும் குறி தவறாது கொத்தும். நிறமோ உதிர்ந்த சருகின் நிறம். ரப்பர், காப்பித் தோட்டங்களில் சருகோடு சருகாகக் கிடக்கும் அதனை மிதித்த பிறகே காண்பவர் பலர்.

மலையாளத்தில் இதற்கு முழமூக்கன் குழிமண்டலி என்று பெயர். ‘முழ’ என்றதும் நம் செவிக்கு அளவு முழமே தோன்றும்; மலையாளத்தில் அது புடைப்பைக் குறிக்கும் சொல். மண்டலி என்பது விரியன். பெயர் ஆராய்ச்சி எதற்கு என்று நேயர்கள் கேட்கக்கூடும். நம்மவர் ‘கட்டு விரியன்’ என்பது விரியனே அன்று. அது நல்ல பாம்பின் உறவு. மருத்துவரிடம் பெயரை மட்டும் சொன்னால் பிழை நேர இடமுண்டு. அப்பிழையின் விலை பெரிது.

இலங்கையில் மிகுதியாகக் கடிக்கும் நச்சுப் பாம்புகளுள் இது முன்னிற்பது. இந்தியாவிலோ நெடுங்காலம் இதன் கடியை எவரும் பெரிதாகக் கருதவில்லை. 2007ஆம் ஆண்டில் மருத்துவர்கள் சிலர் கேரளத்து நோயாளிகளைப் பற்றி வெளியிட்ட கட்டுரைதான் அவ்வெண்ணத்தை மாற்றியது. இதன் நஞ்சால் குருதி உறையும் தன்மை கெட்டுச் சிறுநீரகம் செயலிழக்கக்கூடும் என்பது அதனால் உறுதியாயிற்று. செயற்கை முறையில் குருதியைத் தூய்மை செய்ய வேண்டிய நிலையும் ஏற்பட்டது. இப்பாம்பைச் சுருட்டை விரியன் எனக் கொண்டு அளித்த நச்சு முறி மருந்து பயன் தரவில்லை.

காரணம் எளியது. நம் நாட்டு நச்சு முறி மருந்து, நல்ல பாம்பு, கட்டு விரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கின் நஞ்சைக் குதிரைகளுக்குச் சிறிது சிறிதாகச் செலுத்தி, அவற்றின் குருதியிலிருந்து எடுப்பது. குழிவிரியனின் நஞ்சு அந்நான்கில் இல்லை. அன்றியும், அம்மருந்து சிலருக்குக் கடும் ஒவ்வாமையை உண்டாக்கும். வேண்டாத இடத்தில் ஏற்றினால் பயனின்றி ஆபத்து மட்டுமே மிஞ்சும்.

இதனால் கடிபட்டவர் மருத்துவமனைக்குப் போவது வீண் என்று கொள்ளற்க. புதுக் குருதியைக் கண்ணாடிக் குழாயில் 20 நிமிடம் அசையாது வைத்து உறைகிறதா எனப் பார்ப்பது அங்கேதான் நடக்கும். சிறுநீரகம் தளர்ந்தால் காக்கும் கருவியும் அங்கேதான் உண்டு. கடித்த இடத்தைக் கீறுவதும் உறிஞ்சுவதும் கயிறிட்டு இறுக்குவதும் தீங்கே. கடிபட்ட காலையோ கையையோ அசையாது வைத்து, தாமதமின்றிக் கொண்டு செல்க. வீக்கம் சிறிதாயிருப்பது கண்டு அன்றே வீடு திரும்ப முந்துதல் தகாது. சிறுநீரின் அளவு குறைகிறதா என்பதை அடுத்த நாட்களிலும் கவனித்தல் வேண்டும். பாம்பை அடித்துத் தூக்கிச் செல்ல வேண்டியதில்லை. எட்ட நின்று கைப்பேசியில் எடுத்த படம் போதும். வீட்டிற்குள் பாம்பு புகுந்தால் பயிற்சி பெற்றவரை அழைக்க, கேரள வனத்துறை 2020இல் தொடங்கிய ‘சர்ப்பா’ என்னும் கைப்பேசிச் செயலி உதவும்.

மலைத் தோட்டங்களில் வேலை செய்யும் நம்மவர் பலர் வெறுங்காலோடு நடப்பவர்கள். அவர்களுக்கு முழு மூடு காலணி வாங்கித் தருவது தோட்டத்தாருக்குப் பெருஞ்செலவு ஆகாது.