மீனின் சதையும் ரப்பர் தசையும்



கொல்கத்தாவில் கரியாஹாட் என்று ஒரு பெரிய கடைத்தெரு உண்டு. அங்கே மீன் சந்தையும் இருக்கிறது. மீன்காரர் ரோகு மீனை நறுக்குகிறார். நடுமுள்ளின் இரு பக்கமும் சதை தெரிகிறது. நாம் சாப்பிடும் அந்தச் சதைதான் மீனின் தசை. ஒரு பக்கத் தசை சுருங்கும். வால் அந்தப் பக்கம் வளையும். பிறகு மறுபக்கத் தசை சுருங்கும். வால் மறுபக்கம் வளையும். இப்படி வால் தண்ணீரைத் தள்ளுகிறது. மீன் முன்னே போகிறது.

கப்பலுக்கு வால் இல்லை. சுழலும் விசிறிதான் அதைத் தள்ளுகிறது. கடலுக்கு அடியில் போகும் சின்னக் கருவிகளிலும் பெரும்பாலும் விசிறிதான். விசிறியில் வலையும் பாசியும் சிக்கிக்கொள்ளும். சத்தத்தில் மீன்கள் மிரண்டு ஓடும்.

ஆழம் இதைவிடப் பெரிய தொல்லை. கீழே போகப் போகத் தண்ணீர் நசுக்கும். 2023 ஜூன் மாதம் 'டைட்டன்' என்ற கலம் அட்லாண்டிக் கடலில் இறங்கியது. மூழ்கிக் கிடக்கும் டைட்டானிக் கப்பலைப் பார்க்கப் போனது. வழியிலேயே நொறுங்கியது. உள்ளே இருந்த 5 பேரும் இறந்தார்கள்.

ஆனால் நத்தை மீன் என்று ஒரு மீன் உண்டு. 8,000 மீட்டர் ஆழத்திலும் அது வாழ்கிறது. அதன் உடல் கூழ் போல மெத்தென்று இருக்கும்.

அதைப் பார்த்து, சீனாவின் செஜியாங் பல்கலைக்கழக விஞ்ஞானிகள் ஒரு கருவி செய்தார்கள். நீளம் 22 செ.மீ., ஏறக்குறைய ஒரு சாண். இரு பக்கமும் மெல்லிய துடுப்பு. அதை அசைப்பது ரப்பர் போன்ற ஒரு மெல்லிய ஏடு. அதுதான் செயற்கைத் தசை. மின்சாரம் ஏறினால் ஏடு மெலிந்து விரியும். மின்சாரம் நின்றால் பழையபடி சுருங்கும். துடுப்பு மேலும் கீழும் அடிக்கும். மின் பாகங்களை நெருக்கி அடைக்கவில்லை. தள்ளித் தள்ளி, மெத்தென்ற சிலிக்கோனில் பதித்தார்கள். கனத்த இரும்புக் கூடு தேவைப்படவில்லை.

2019 டிசம்பரில் அதைப் பசிபிக் கடலின் மரியானா பள்ளத்தில் இறக்கினார்கள். ஆழம் 10,900 மீட்டர். அங்கே விரல் நகம் அளவு இடத்தை ஒரு டன் பாரம் அழுத்தும். அங்கேயும் துடுப்பு அசைந்தது! தென் சீனக் கடலில், 3,224 மீட்டர் ஆழத்தில், அது தானாகவே நீந்தியது.

வேகம் குறைவுதான். வினாடிக்குச் சுமார் 5 செ.மீ. பலமான நீரோட்டத்தை எதிர்த்து அதனால் போக முடியாது. அதனால் ஆராய்ச்சி தொடர்கிறது.

சென்னையில் தேசியக் கடல் தொழில்நுட்ப நிறுவனம் 'மத்ஸ்யா 6000' என்ற கலத்தை உருவாக்குகிறது. 3 பேர் அதில் 6,000 மீட்டர் ஆழம் போவது திட்டம். மத்ஸ்யா என்றால் மீன். ஆனால் அதைத் தள்ளுவதும் விசிறிதான். சில வேலைகளுக்கு மனிதரே போக வேண்டியிருக்கும். ஆபத்தான இடத்தை முதலில் பார்த்துவர ஒரு ரப்பர் மீன் போகட்டும். அது நொறுங்கினால் இன்னொன்று செய்யலாம். மனித உயிரை அப்படிச் செய்ய முடியுமா?