கம்பியில் தங்கிய குரல்



எழுதிய சொல் நிற்கும். பேசிய குரல் காற்றோடு போகும். அவ்வாறு போகும் குரலைத் தலைமயிர் அன்ன எஃகுக் கம்பியில் மாந்தர் நிறுத்திய வரலாற்றையும், நிறுத்திய பின்னரும் ஒரு பாட்டு மறைந்து கிடந்த செய்தியையும் இங்கு எடுத்துரைக்க விழைகின்றேன்.

1877இல் எடிசன் ஒலியைக் கீறலாகப் பதித்தார். கீறாமல் காந்தத்தாலேயே பதிக்கலாம் என்னும் கருத்தை 1888இல் ஓபர்லின் ஸ்மித் என்னும் அமெரிக்கப் பொறியாளர் கட்டுரையாக வெளியிட்டார். அதனைச் செய்துகாட்டியவர் டென்மார்க்கு நாட்டு வால்டெமார் பவுல்சன். தம் 'டெலிகிராஃபோன்' கருவிக்கு 1898இல் அவர் காப்புரிமை கோரினார். பேச்சின் ஏற்றத்தாழ்வுக்கேற்ப மாறும் மின்னோட்டம் சிறியதொரு மின்காந்தத்தில் பாய, அதனை ஒட்டிச் செல்லும் கம்பி இடத்துக்கிடம் மிகுந்தும் குறைந்தும் காந்தமேறும். மீண்டும் ஓட்டினால் அதே ஒலி பிறக்கும். 1900இல் பாரிசுக் கண்காட்சியில் ஆஸ்திரியப் பேரரசர் பிரான்ஸ் யோசப் பேசிய பதிவு இன்றும் எஞ்சியுள்ளது.

பின்னர்ச் சிக்காகோவின் ஆர்மர் ஆய்வு நிறுவனத்தில் மார்வின் காம்ராஸ் அக்கருவியைச் செம்மைப்படுத்தினார். இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கப் படையினர் அதனைக் கையாண்டனர். கம்பி நொடிக்கு 24 அங்குலம் ஓடும். ஒரு மணி நேரப் பேச்சுக்கு 7,200 அடி வேண்டும். அவ்வளவும் உள்ளங்கையில் அடங்கும் ஒரு சுருளே. அறுந்தால் முடிச்சிட்டுக் கொள்ளலாம். சிக்கினால் பிரித்தெடுப்பது அரிது.

பேரரசரின் குரலில் தொடங்கிய இக்கருவி, வீடிழந்தோர் குரலுக்கும் இடம் தந்ததே அதன் தனிப்பெருமை எனலாம். 1946இல் டேவிட் போடர் என்னும் உளவியல் பேராசிரியர், 200 சுருள்களுடன் சிக்காகோவிலிருந்து ஐரோப்பா சென்றார். நாஜிகளின் வதைமுகாம்களில் உயிர்தப்பியோர் உள்ளிட்ட ஏறத்தாழ 130 அகதிகளை அவரவர் மொழியிலேயே பேசச் செய்து பதிந்தார். அவற்றுள் எட்டினை 1949இல், 'நான் இறந்தோரை நேர்காணவில்லை' எனப் பொருள்படும் தலைப்பில் நூலாக்கினார். இறந்தோர் கதையை எவர் பதிவார் என்னும் வேதனை அத்தலைப்பிலேயே தொனிக்கின்றது.

பிரான்சின் ஏனான்வில் என்னும் ஊரில் அகதிகள் பாடிய பாடல்களையும் அவர் பதிந்திருந்தார். அச்சுருள் மட்டும் காணாமற் போயிற்று. 1950களில் ஒலிநாடா பரவக் கம்பிக்கருவிகளும் வழக்கொழிந்தன. 1961இல் போடரும் மறைந்தார். ஏறத்தாழ எழுபதாண்டுகளுக்குப் பின், அமெரிக்காவின் அக்ரன் பல்கலைக்கழகக் காப்பகத்தில் அச்சுருள் கண்டறியப்பட்டது. பட்டியலில் அவ்வூர்ப் பெயர் பிழைபட எழுதப்பட்டிருந்தது! ஓட்டுதற்குரிய கருவியும் எளிதில் கிட்டாமையால், பழைய கருவியொன்றைத் தேடிப் பெற்றுத் திருத்தியமைத்தே அப்பாடல்களைக் கேட்டனர். 2017இல் உலகம் அச்செய்தியை அறிந்தது.

அன்பர்களே! ஏட்டைப் படிக்கக் கண் போதும். கம்பியைப் படிக்கக் கருவியும் வேண்டும். செல்லரிக்கும் முன் படியெடுத்தோர் இருந்தமையாலன்றோ நம் சங்க நூல்கள் நமக்குக் கிட்டின? ஒலிக்கும் அதுவே நெறி. நம் இல்லங்களில் பாட்டியர் தாலாட்டும் சான்றோர் சொற்பொழிவும் பதிந்த ஒலிநாடாக்கள் உறங்குமாயின், அவற்றை ஓட்டும் கருவி உள்ளபோதே படியெடுத்து வைப்போம். பாடியவர் பெயரையும் ஊரையும் நாளையும் அவற்றின்மேல் பிழையின்றி எழுதி வைப்போம். ஓரெழுத்துப் பிழையும் ஒரு குரலை ஊமையாக்கும் என்பதை மறவாதிருப்போம்.