தொட்டில் பிள்ளையோடு பேசுங்கள்

(தடுப்பூசி நாளன்று தாய்மார் கூட்டத்தில் கிராம சுகாதாரச் செவிலியர் ஆற்றிய உரை)



ஊசி போடுவதற்கு முன்னே கொஞ்சம் பேச்சு. "பச்சப் புள்ளைக்கு என்ன புரியும்?" என்று சிலர் குழந்தையிடம் வாயே திறப்பதில்லை. பால் கொடுப்பார்கள், குளிப்பாட்டுவார்கள், தொட்டிலில் போட்டுவிட்டு வேலைக்குப் போவார்கள். வயிற்றில் ஏறக்குறைய ஆறு மாதம் ஆகும்போதே சிசுவுக்குக் காது கேட்கத் தொடங்கிவிடுகிறது. பிறந்த மூன்று நாளுக்குள் பெற்றவள் குரலைப் பிரித்து அறிகிறது என்று 1980-ல் அமெரிக்காவில் வெளியான ஆராய்ச்சி காட்டியது.

என்ன பேசுவது? "தண்ணி ஊத்தப் போறேன், கண்ண மூடிக்கோ", "யாரு வந்திருக்கா பாரு, அத்தை!" இது போதும். சொல்லிவிட்டுச் சற்று நிறுத்துங்கள். பிள்ளை "ங்ஙா" என்று பதில் சொல்லும். அதற்கு நீங்களும் பதில் கொடுங்கள். மாறி மாறிப் பேசும் பழக்கம் அங்கேதான் தொடங்குகிறது.

தாலாட்டும் அப்படித்தான். 'தால்' என்றால் நாக்கு. பாட்டில் சொற்கள் நீண்டு வரும், திரும்பத் திரும்ப வரும். ஒலிகளைப் பிரித்துக் கேட்கப் பிள்ளைக்கு வசதி. ராகம் வராது என்று கூச்சப்படாதீர்கள், பிள்ளை மார்க் போடப் போவதில்லை! அப்பாமாரும் பாடலாம். செல்போனில் பாட்டுப் போட்டுக் கையில் கொடுப்பது இதற்கு ஈடாகாது. பிள்ளை சிரித்தால் அது நின்று பதிலுக்குச் சிரிக்காது. ஒரு வயதுக்குள் திரையே காட்ட வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2019-ல் சொல்லியிருக்கிறது.

இன்னொரு முக்கியமான சங்கதி. என் பகுதியில் ஒரு பெண் குழந்தை. நன்றாகச் சிரிக்கும், பேச்சு மட்டும் இல்லை. "அவ அப்பனும் லேட்டாத்தான் பேசினான்" என்றார் பாட்டி. நானும் சரி என்று விட்டுவிட்டேன். அது என் தப்பு. மூன்று வயதில் சோதித்தபோது இரண்டு காதும் கேட்கவில்லை. காது கேளாத குழந்தையும் முதல் சில மாதம் "ஊ, ஆ" என்று குரல் கொடுக்கும். தட்டு விழுந்தால் தரையின் அதிர்வில் திரும்பிப் பார்க்கும். அதில்தான் நாம் ஏமாறுகிறோம்.

ஆகவே பிறந்து ஒரு மாதத்துக்குள் காதுப் பரிசோதனை நடந்ததா என்று கேளுங்கள். குறை இருந்தால் மூன்று மாதத்துக்குள் உறுதி செய்து, ஆறு மாதத்துக்குள் கருவியோ பயிற்சியோ தொடங்கிவிட வேண்டும். ஆறு மாதம் ஆகியும் குரல் வந்த பக்கம் திரும்பாவிட்டால், பத்து மாதத்தில் "பாபா, தாதா" என்று குழறாவிட்டால், காத்திருக்காதீர்கள். 2013-ல் தொடங்கிய தேசியக் குழந்தைகள் நலத் திட்டத்தில் சோதனைக்குப் பணம் இல்லை. காதில் எண்ணெய் ஊற்றுவதும் ஊக்கால் குடைவதும் அறவே கூடாது, பாட்டிமார்களே, உங்களைத்தான்!

சந்தேகம் உள்ளவர்கள் ஊசி முடிந்ததும் நில்லுங்கள். மாவட்ட அரசு மருத்துவமனைக்குச் சீட்டு எழுதித் தருகிறேன்.