மலிவு விலை பப் ஊருக்குள் வருகிறது: நாம் யாரைக் கேள்வி கேட்பது?

(அயர்லாந்து வாழ் தோழர்களின் மாதாந்திர இணையவழிக் கூட்டத்தில் நம் பிரிவின் பொருளாளர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம். தோழர்கள் பலர் கேட்டதால் முழுமையாகப் பதிவிடுகிறோம். படியுங்கள், பகிருங்கள்.)



ஞாயிற்றுக்கிழமை சாயந்திரம், நைட் டூட்டிக்குக் கிளம்ப வேண்டியவர்கள்கூட அரை மணி நேரம் ஒதுக்கி வந்திருக்கிறீர்கள். அதனால் சுற்றி வளைக்காமல் விஷயத்துக்கு வருகிறேன்.

நம்ம வாட்ஸ்அப் குழுவில் ரெண்டு நாளாக ஒரே சண்டை. வெதர்ஸ்பூன் என்ற பிரிட்டிஷ் மலிவு விலை பப் நிறுவனம் அயர்லாந்து ஊர்களில் கடை திறப்பது நல்லதா கெட்டதா என்று. ஒரு பக்கம், "டப்ளின்ல ஒரு பைன்ட் பீர் விக்கிற விலைக்கு, உழைக்கிறவன் குறைஞ்ச காசுல சாப்பிட்டுக் குடிச்சா உங்களுக்கு என்ன?" என்று கேட்கிறார்கள். இன்னொரு பக்கம், "வெளிநாட்டு கம்பெனி உள்ளூர் கடையை விழுங்குது, விரட்டணும்" என்கிறார்கள். ரெண்டு பேருமே கோபமாகப் பேசுகிறார்கள், ரெண்டு பேர் பேச்சிலும் பாதி உண்மை இருக்கிறது. மீதிப் பாதி எங்கே இருக்கிறது என்பதைத்தான் இன்று பேசப்போகிறேன். குடிப்பது சரியா தவறா என்பது வேறு கூட்டத்துக்கான தலைப்பு. நான் குடிக்கிறவன் இல்லை, ஆனால் பப்பில் நிறைய டீ குடித்திருக்கிறேன். அதைப் பிறகு சொல்கிறேன்.

முதலில் இந்த நிறுவனம் யார்? 1979இல் டிம் மார்ட்டின் என்பவர் வடக்கு லண்டனில் மஸ்வெல் ஹில் பகுதியில் ஒரே ஒரு பப் திறந்தார். இன்று பிரிட்டனில் சுமார் 800 கடைகள். பழைய வங்கி, பழைய தியேட்டர், பழைய தபால் நிலையம் என்று பெரிய கட்டடங்களாகப் பார்த்து எடுப்பார்கள். பெரும்பாலும் பாட்டு போடுவதில்லை. காலையிலிருந்தே சாப்பாடு கிடைக்கும். மொத்தக் கொள்முதல், பெரிய கூடம், குறைந்த லாபம், நிறைய விற்பனை. இதுதான் தொழில் ரகசியம். நம்ம ஊர்க்காரருக்கு இதை விளக்கவே வேண்டாம், மொத்த வியாபாரிக்கும் பெட்டிக்கடைக்கும் உள்ள வித்தியாசம்தான்.

2014 ஜூலையில் டப்ளினுக்குத் தெற்கே பிளாக்ராக்கில் 'த்ரீ டன் டாவர்ன்' என்ற பெயரில் அயர்லாந்துக் குடியரசில் முதல் கடை திறந்தார்கள். அங்கே ஒரு வேடிக்கை பாருங்க. அயர்லாந்தில் பப் திறந்துவிட்டு கின்னஸ் இல்லை! கின்னஸ் தயாரிக்கும் டியாஜியோ நிறுவனத்தோடு விலை ஒத்துவரவில்லை. அதற்குப் பதிலாக பீமிஷ் என்ற கார்க் நகரத்து ஸ்டவுட்டை, சுற்றியிருந்த பப்களைவிடப் பெருமளவு குறைந்த விலைக்கு ஊற்றினார்கள். சில மாதங்களில் பக்கத்திலேயே டன் லேரியில் 'ஃபார்ட்டி ஃபுட்' கடை திறக்கும்போது, பீமிஷுக்குச் சொந்தக்காரரான ஹைனிகனோடும் முறிந்தது. புதுக் கடைக்குச் சில சரக்குகளைத் தர ஹைனிகன் மறுத்தது, தலைமை நிர்வாகியின் சொந்த உத்தரவாதம் கேட்டது என்பது வெதர்ஸ்பூன் தரப்புப் புகார். 35 ஆண்டு உறவு, ஆண்டுக்கு 6 கோடி பவுண்டு வியாபாரம். ஒரே அறிவிப்பில் பிரிட்டனிலும் அயர்லாந்திலும் தன் எல்லாக் கடைகளிலும் ஹைனிகன் சரக்கை நிறுத்தியது வெதர்ஸ்பூன்.

தோழர்களே, இதில் யார் நல்லவர் என்று தேடாதீர்கள். யானைக்கும் யானைக்கும் சண்டை. நாம் கவனிக்க வேண்டியது ஒன்றுதான். தன் பெயரைக் கதவுக்கு மேலே எழுதி வைத்துக்கொண்டு ஒற்றைக் கடை நடத்தும் ஒரு குடும்பம், டியாஜியோவிடம் "உன் விலை எனக்கு ஒத்துவராது, கிளம்பு" என்று சொல்ல முடியுமா? அவர்கள் சொன்ன விலைதான். பேரம் பேசும் பலம் யாருக்கு இருக்கிறதோ அவர்தான் மலிவாகக் கொடுக்க முடிகிறது. மலிவு விலைக்குப் பின்னால் கருணை எதுவும் இல்லை.

"அரசாங்கம் குறைந்தபட்ச விலை நிர்ணயித்திருக்கிறதே" என்று ஒரு தோழர் எழுதியிருந்தார். உண்மைதான். 2018ஆம் ஆண்டின் பொதுச் சுகாதார மதுச் சட்டத்தின்படி 2022 ஜனவரி 4 முதல் ஒரு கிராம் ஆல்கஹாலுக்குக் குறைந்தது 10 சென்ட். கணக்குப் போட்டுப் பாருங்க. 4.3 சதவீத ஸ்டவுட் ஒரு பைன்ட்டில் சுமார் 19 கிராம் வரும். அப்படியானால் கீழ்வரம்பு 2 யூரோவைக்கூடத் தொடவில்லை. எந்த பப்பும் அதைவிட மேலேதான் விற்கிறது. அந்தச் சட்டம் பிடித்தது சூப்பர் மார்க்கெட் அலமாரியை. பப் விலைக்கும் அதற்கும் பெரிய சம்பந்தம் இல்லை.

சரி, இப்போது நான் டீ குடித்த கதை.

நான் இந்த நாட்டுக்கு வந்த புதிதில் லிமரிக் பக்கம் ஒரு ஹோட்டல் சமையலறையில் வேலை. தங்கியது பத்து மைல் தள்ளி ஒரு சின்ன ஊரில். ஊர் என்றால் ஒரு சர்ச், ஒரு பள்ளிக்கூடம், ஒரே ஒரு பப். பஸ் நிற்பது பப் வாசலில். குளிர்காலத்தில் பஸ் வர நேரமானால் அந்த அம்மா உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்து டீ போட்டுக் கொடுப்பார். காசு வாங்கமாட்டார். என் பெயரை முதன்முதலில் சரியாக உச்சரித்த அயர்லாந்துக்காரர் அவர்தான், மூன்று நாள் பயிற்சி எடுத்தார். அப்பா இறந்த செய்தி வந்த இரவு நான் போனது அங்கேதான். டிக்கெட்டுக்குக் கையில் பணம் இல்லை. கல்லாவைத் திறந்து எண்ணிக் கொடுத்தார், எழுதிக்கூட வைத்துக்கொள்ளவில்லை. திரும்பி வந்து நான்கு தவணையில் கொடுத்தேன்.

சில வருடம் கழித்து அந்தப் பப் மூடப்பட்டது. அவருக்கு வயதாகிவிட்டது, பிள்ளைகள் யாரும் இங்கே இல்லை. வாரநாட்களில் ஆறு பேர்கூட வரவில்லை. கட்டடத்தை வாங்க ஆளில்லை. ஆனால் லைசென்ஸை வாங்க ஆள் இருந்தது. கட்டடம் இன்றும் பூட்டித்தான் கிடக்கிறது. பஸ் இன்னமும் அதே வாசலில்தான் நிற்கிறது.

கட்டடம் விலை போகாமல் லைசென்ஸ் மட்டும் எப்படி விலை போனது? இங்கேதான் தோழர்களே சட்டத்தைப் படிக்க வேண்டும்.

1902இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் அயர்லாந்துக்கு ஒரு சட்டம் போட்டது. பப்கள் அளவுக்கு மேலே பெருகிவிட்டன, இனிமேல் புது லைசென்ஸ் கிடையாது என்று. சில விதிவிலக்குகள் தவிர, ஏற்கனவே இருப்பதில் ஒன்றை அணைத்தால்தான் புதிதாக ஒன்றை ஏற்றலாம். நாடு சுதந்திரம் அடைந்த பிறகும் அந்த அடிப்படை மாறவில்லை. ஆனால் எங்கிருந்து எங்கே மாற்றலாம் என்பதற்கு எல்லைகள் இருந்தன. 2000ஆம் ஆண்டுச் சட்டம் அந்த எல்லையை எடுத்துவிட்டது. நாட்டின் எந்த மூலையில் இருக்கும் லைசென்ஸையும் வாங்கி அணைத்துவிட்டு, வேறு எந்த மூலையிலும் கடை திறக்கலாம். பப்தான் திறக்க வேண்டும் என்பதுகூட இல்லை. சூப்பர் மார்க்கெட்டின் மது அலமாரிக்கும் கிராமத்து பப்பின் லைசென்ஸைப் பயன்படுத்தலாம்.

புது லைசென்ஸுக்கு சர்க்யூட் நீதிமன்றம் போக வேண்டும். நீதிமன்றம் என்ன கேட்கும்? கடை வரப்போகிற இடம் பொருத்தமானதா, அந்தச் சுற்றுவட்டாரத்தில் ஏற்கனவே போதுமான கடைகள் இருக்கின்றனவா, விண்ணப்பிப்பவர் ஒழுங்கானவரா. நல்ல கேள்விகள்தான். ஆனால் லைசென்ஸ் புறப்பட்டு வருகிற ஊரில் வேறு பப் இருக்கிறதா என்று சட்டம் கேட்கச் சொல்லவில்லை. போய்ச் சேர்கிற ஊருக்கு வக்கீல் இருக்கிறார், கிளம்புகிற ஊருக்கு யாருமில்லை.

விளைவு என்ன? மதுத் தொழில் அமைப்புகளின் கூட்டமைப்பு வெளியிட்ட கணக்குப்படி 2005இல் சுமார் 8,600ஆக இருந்த பப் லைசென்ஸ்கள் 2024இல் சுமார் 6,500. ஏறத்தாழ நான்கில் ஒன்று போய்விட்டது. அதிலும் லிமரிக் மாவட்டத்தில் மூன்றில் ஒன்றுக்கு மேல். டப்ளினில்? கிட்டத்தட்ட அசையவே இல்லை.

இதில் நேர்மையாக ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். இத்தனை பப்பும் வெதர்ஸ்பூனால் மூடவில்லை. அவர்கள் இந்த நாட்டில் வைத்திருப்பது விரல்விட்டு எண்ணக்கூடிய கடைகள். கிராமத்து பப்புக்கு அடி பல பக்கமிருந்து விழுந்தது. 2004இல் புகைத்தடை வந்தது. 2011இல் குடித்துவிட்டு ஓட்டுவதற்கான ரத்த ஆல்கஹால் அளவை 80 மில்லிகிராமிலிருந்து 50 ஆகக் குறைத்தார்கள். இரண்டும் உயிர் காத்த சட்டங்கள், நான் அதற்கு எதிராக ஒரு வார்த்தை பேசமாட்டேன். சட்டம் போட்டவர்கள் கூடவே கிராமத்துக்கு ஒரு இரவுப் பஸ்ஸும் விட்டிருக்கலாம், அவ்வளவுதான். இளைஞர்கள் நகரத்துக்குப் போனார்கள், வீட்டிலேயே குடிக்கும் பழக்கம் வந்தது. ஆகவே "வெள்ளைக்காரக் கம்பெனிதான் எல்லாத்துக்கும் காரணம்" என்று நம்ம ஆட்கள் பதிவு போட்டால், தயவுசெய்து அதைப் பகிராதீர்கள். பொய்யான கோபம் நம் வாதத்தைத்தான் கெடுக்கும்.

உள்ளூர் பப் முதலாளிகள் எல்லோரும் பாவப்பட்டவர்களும் இல்லை. டப்ளின் நடுவில் சுற்றுலாக்காரர்களை வைத்து ஒரு பைன்ட்டுக்கு என்ன வாங்குகிறார்கள் என்று உங்களுக்கே தெரியும். புது லைசென்ஸ் கிடையாது என்ற விதி 120 வருடமாகப் பொதுமக்களைக் காப்பாற்றியதோ இல்லையோ, ஏற்கனவே லைசென்ஸ் வைத்திருந்தவரை நன்றாகக் காப்பாற்றியது.

டப்ளினுக்கு வடக்கே சுவோர்ட்ஸில் 'ஓல்ட் பரோ' என்று ஒரு வெதர்ஸ்பூன் கடை. 1800இல் அயர்லாந்து நாடாளுமன்றம் கலைக்கப்பட்டபோது சுவோர்ட்ஸ் தன் இடங்களை இழந்தது. அதற்கு இழப்பீடு 15,000 பவுண்டு. அந்தப் பணத்தில் ஊர்ப் பிள்ளைகளுக்காகக் கட்டிய பள்ளிக்கூடம்தான் அந்தக் கட்டடம். வாக்குரிமைக்கு இழப்பீடாகக் கிடைத்தது பள்ளிக்கூடம், பள்ளிக்கூடம் இப்போது பப். டப்ளின் கேம்டன் தெருவில் 2021இல் ஹோட்டலோடு சேர்த்துத் திறந்த 'கீவன்ஸ் போர்ட்' ஒரு காலத்தில் கன்னிமடம். நிறுவனத்துக்கு நியாயமாகச் சொன்னால், பாழடைய விட்டிருந்த கட்டடங்களைப் பணம் போட்டுப் புதுப்பித்தார்கள். ஊர் வரலாற்றைத் தேடிப் படம் எடுத்துச் சுவரில் மாட்டுகிறார்கள், ஊரோடு தொடர்புள்ள பெயராகப் பார்த்து வைக்கிறார்கள். எனக்கு அந்தப் படங்களைப் பார்க்கும்போதெல்லாம் லிமரிக் பக்கத்து அம்மாதான் நினைவுக்கு வருவார். அவர் படம் எந்தச் சுவரிலும் இல்லை.

ஊழியர்களைப் பற்றி ஒரு நிமிடம். நம்ம பிள்ளைகள் பலர் படிக்கும்போது இப்படிப்பட்ட இடங்களில்தான் பகுதிநேர வேலை பார்க்கிறார்கள். 2018 அக்டோபரில் இங்கிலாந்தின் பிரைட்டனில் வெதர்ஸ்பூன் ஊழியர்கள் மணிக்கு 10 பவுண்டு கேட்டு வேலைநிறுத்தம் செய்தார்கள். 2020 மார்ச்சில் கொரோனாவால் கடைகள் மூடியபோது, அரசு உதவி வந்த பிறகுதான் அடுத்த சம்பளம், டெஸ்கோவில் வேலை கிடைத்தால் போகலாம், புரிந்துகொள்கிறேன் என்று நிறுவனர் வீடியோவில் பேசினார். பெரிய எதிர்ப்பு கிளம்பியது. அங்கே வேலை செய்யும் நம் தோழர்கள் தொழிற்சங்கத்தில் சேருங்கள். கடை மலிவாக இருப்பதற்கான விலையை நீங்கள் கொடுக்க வேண்டியதில்லை.

அப்படியானால் நாம் என்ன கேட்பது?

2022 அக்டோபரில் அயர்லாந்து அரசு மது விற்பனைச் சட்ட முன்வரைவு ஒன்றை வெளியிட்டது. ஒன்றை அணைத்தால்தான் ஒன்று என்ற விதியையே எடுத்துவிடலாம் என்பது அதில் ஒரு யோசனை. லைசென்ஸுக்குச் சந்தை விலை இல்லாமல் போனால், கிராமத்து லைசென்ஸை நகரத்துக்காரர் வாங்கத் தேவையிருக்காது. இளைஞர்கள் சின்ன அளவில் ஒரு கடை தொடங்கலாம். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் இத்தனை வருடம் லைசென்ஸையே ஓய்வூதியமாக நினைத்திருந்த அந்த அம்மா மாதிரி ஆட்களுக்கு ஒரு பைசாகூட மிஞ்சாது. கடைகள் பெருகினால் உடல்நலம் என்னாகும் என்று மருத்துவத் துறையினர் கவலைப்படுவதும் நியாயம். வேலைக்குப் போகும் நம் செவிலியர்களைக் கேளுங்கள், சனிக்கிழமை இரவு எமர்ஜென்சி வார்டு எப்படி இருக்கும் என்று சொல்வார்கள்.

என் கருத்து இது, கட்சித் தீர்மானம் இல்லை. விவாதித்து முடிவெடுக்கலாம். ஒரு ஊரில் கடைசியாக மிஞ்சியிருக்கும் ஒரே லைசென்ஸ் அந்த ஊரைவிட்டு வெளியே போகக்கூடாது. விற்க விரும்பினால் முதல் உரிமை அந்த ஊர்க் கூட்டுறவுக்கோ சமுதாயக் குழுவுக்கோ இருக்க வேண்டும், அதற்கு அரசு கடன் கொடுக்க வேண்டும். நீதிமன்றம் போகிற ஊரைப் பற்றி மட்டுமல்லாமல், கிளம்புகிற ஊரைப் பற்றியும் கேட்க வேண்டும். வெதர்ஸ்பூனோ வேறு எந்த நிறுவனமோ, பிரிட்டிஷோ ஐரிஷோ, எல்லோருக்கும் ஒரே விதி.

"நமக்கு இங்க ஓட்டே இல்லையே" என்று சிலர் நினைப்பீர்கள். உள்ளாட்சித் தேர்தலில் இருக்கிறது. குடியுரிமை இல்லாவிட்டாலும் இந்த நாட்டில் வசிப்பவர்கள் பெயரைப் பதிவு செய்து கவுன்சிலருக்கு ஓட்டுப் போடலாம். பள்ளிக்கூடத்தைப் பப்பாக மாற்றத் திட்ட அனுமதி கேட்டு விண்ணப்பம் வருவதும் அந்த கவுன்சிலுக்குத்தான், அதன் மேல் யார் வேண்டுமானாலும் எழுத்தில் கருத்துச் சொல்லலாம். லைசென்ஸ் சட்டம் நாடாளுமன்ற உறுப்பினர்கள் கையில். அவர்களை இங்கே டி.டி. என்பார்கள், ஊரில் மக்களைச் சந்திக்க நேரம் ஒதுக்குவார்கள். போய் உட்கார்ந்து கேளுங்கள், ஓட்டு இருக்கிறதா என்று யாரும் அட்டை கேட்பதில்லை.

அடுத்த கூட்டத்துக்குள் லிமரிக், கெர்ரி, மேயோ பக்கம் இருக்கும் தோழர்கள் உங்கள் ஊரிலும் பக்கத்து ஊரிலும் இன்னும் எத்தனை பப் திறந்திருக்கிறது, கடந்த பத்து வருடத்தில் எத்தனை மூடியது என்று ஒரு பட்டியல் எடுத்து வாருங்கள். பஸ் எங்கே நிற்கிறது என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.

இப்போது கேள்விகள் கேட்கலாம். கால்வே தோழர் முதலில் கை தூக்கினார், மைக்கை ஆன் பண்ணுங்க தோழர்.