ஆற்றில் இட்ட பொன்: இலக்கிய அமைப்பும் தொழில்முறைத் தொடர்பும்

(பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



ஓர் இலக்கிய வட்டம் பத்து ஆண்டுகள் இடைவிடாது கூடி வருவது எளிய செயலன்று. இங்கு ஊதியம் இல்லை; பதவி உயர்வு இல்லை; ஆண்டுச் சந்தாவைக் கேட்கும்போது முகம் வாடுவோரும் உண்டு. விடுமுறை நாளின் மாலைப் பொழுதை இழந்து, கைப்பொருளைச் செலவிட்டு, கூட்டம் முடிந்தபின் நாற்காலிகளையும் தாமே அடுக்கி வைக்கும் உறுப்பினரைப் பார்த்து, "இதனால் உங்களுக்கு என்ன கிடைக்கிறது?" என்று வீட்டார் வினவுவது இயல்பே. "தமிழ்த்தொண்டு" என்பது அவர் வழக்கமாகக் கூறும் விடை. அவ்விடை உண்மையானது, ஆயினும் பாதி விடையே. மீதிப் பாதியைச் சொல்ல அவர் கூசுகிறார். ஏனெனில் அது 'தொடர்பு' என்னும் சொல்லில் அடங்கியிருக்கிறது. அச்சொல்லோ இன்று பழுதுபட்டுக் கிடக்கிறது. "அவருக்குத் தொடர்பு இருக்கிறது" என்றால், அவருக்குப் பரிந்துரை உண்டு, பரிசு வரும், மேடை கிடைக்கும் என்றே உலகம் பொருள் கொள்கிறது.

இலாப நோக்கற்ற அமைப்பொன்றின் உறுப்பினர் தம் தொழில் வழியாகவும் பிறர் தொழில் வழியாகவும் பெறும் தொடர்பின் மெய்யான மதிப்பு யாது, அது எவ்விடத்தில் திரிகிறது, எவ்வாறு காக்கப்பட வேண்டும் என்பனவே இவ்வுரையின் பொருளாகும்.

தொழிலும் பாட்டும்

சங்கப் புலவர்களின் பெயர்களை வரிசையாக நோக்குவோர்க்கு ஓர் உண்மை புலப்படும். மதுரைக் கூலவாணிகன் சீத்தலைச் சாத்தனார் தானிய வணிகர். மதுரை அறுவை வாணிகன் இளவேட்டனார் துணி வணிகர். உறையூர் மருத்துவன் தாமோதரனார் மருத்துவர். தங்காற் பொற்கொல்லனார் பொன்வேலை செய்தவர். மதுரைக் கணக்காயனார் ஆசிரியர். இப்பெயர்களில் தொழில் மறைக்கப்படவில்லை, பெருமையோடு முன்நிறுத்தப்பட்டுள்ளது. பல தொழிலார் பாடிய பாட்டுகள் ஒரே தொகையில் அடுத்தடுத்து நிற்கின்றன என்பதும் கருதத்தக்கது.

பீங்கான் நகராகிய விருத்தாசலம் இவ்வரிசையில் தனியே நினைக்க வேண்டிய பெயர் ஒன்றுண்டு. வெண்ணிக் குயத்தியார், மட்கலம் வனையும் குடியில் வந்த பெண்பாற் புலவர். வெண்ணிப் போரில் வென்ற கரிகாலனைப் பாடும் புறநானூற்றுப் பாட்டிலேயே, புறப்புண்ணுக்கு நாணி வடக்கிருந்த எதிரியின் பெருமையையும் அவர் துணிந்து உயர்த்திக் கூறினார். களிமண்ணின் இயல்பறிந்த குடிப்பிறந்தவர் வேந்தன் முன் நேர்நின்று பேசும் நிலையை அன்றைய புலமையுலகம் ஏற்றுக்கொண்டிருந்தது.

இவ்வூரின் தொழிலும் கூட்டுறவின் பயனை உணர்த்துவதே. நெய்வேலிச் சுரங்கப் பகுதியில் கிடைக்கும் களிமண் அண்மையில் இருந்தது. அதைக் கொண்டு அகல்விளக்கும் பொம்மையும் மின்காப்புப் பொருளும் செய்யும் சிறு தொழிற்கூடங்கள் எழுந்தன. பெருஞ்சூளையைத் தனியொருவர் எரியூட்டிக் காப்பது பெருஞ்செலவு. வார்ப்பது அவரவர் கூடத்தில், சுடுவது பொதுச் சூளையில் என்னும் ஏற்பாடு அந்தச் சுமையைக் குறைத்தது. பொருள் அவரவருடையது, வெப்பம் பொதுவானது. இலக்கிய வட்டமும் அத்தகைய பொதுச் சூளையே. கவிதையைத் தனிமையில்தான் வனைய முடியும். அது வேகுமா வெடிக்குமா என்பது பலர் முன்னிலையில்தான் தெரியவரும்.

முன்சீபும் கல்லூரி ஆசிரியரும்

1880ஆம் ஆண்டு கும்பகோணம் கல்லூரித் தமிழாசிரியராக இருந்த உ.வே. சாமிநாதையர், அவ்வூருக்கு முன்சீபாக வந்த சேலம் இராமசாமி முதலியாரைச் சந்தித்தார். ஒருவர் கல்வித்துறையைச் சேர்ந்தவர். மற்றவர் நீதித்துறையைச் சேர்ந்தவர். திருவாவடுதுறை மடத்தின் தமிழ்ச் சூழலில் பயின்றிருந்த ஐயரிடம் முதலியார் சீவகசிந்தாமணியைப் பற்றி வினவினார், படிக்குமாறு தூண்டினார், கையெழுத்துப் பிரதியும் தந்தார். நூலைக் கற்கப் புகுந்தபோது சமணக் கொள்கைகள் விளங்கவில்லை. கும்பகோணத்தில் வாழ்ந்த சமணர்கள் அவற்றை விளக்கினர். அச்சுச் செலவுக்கு முன்னரே கையொப்பமிட்டுப் பொருளுதவியோர் துணை நின்றனர். 1887இல் சிந்தாமணி வெளிவந்தது. பின்னாளில் பாரிசு நகரப் பேராசிரியர் சூலியன் வின்சோனும் அவரோடு கடிதத் தொடர்பு கொண்டார்.

இந்நிகழ்ச்சியில் நுணுகி நோக்க வேண்டியது ஒன்றுண்டு. ஐயருக்கு நெருங்கிய தமிழ்ப் புலவர் பலர் இருந்தனர். ஆனால் அவர் கல்வியின் போக்கையே மாற்றிய வினா அவ்வட்டத்திற்கு வெளியிலிருந்து வந்தது. தமக்குள் ஒரே நூல்களைக் கற்று, ஒரே செய்திகளைப் பேசியிருப்போரிடமிருந்து புதிய வினா தோன்றுதல் அரிது.

அமெரிக்கச் சமூகவியலறிஞர் மார்க் கிரானோவெட்டர் 1973இல் வெளியிட்ட கட்டுரையும் இதையே வேறொரு துறையில் நிறுவியது. பாசுடன் நகரை அடுத்த பகுதியில், அறிந்தவர் மூலம் வேலை பெற்றோரை அவர் ஆராய்ந்தார். செய்தி தந்தவரை அடிக்கடி சந்தித்து வந்தவர்கள் 16.7 விழுக்காட்டினரே. எப்போதாவது சந்தித்தவர்கள் 55.6 விழுக்காட்டினர், மிக அரிதாகச் சந்தித்தவர்கள் 27.8 விழுக்காட்டினர். நெருங்கிய நண்பர்க்குத் தெரிந்ததெல்லாம் பெரும்பாலும் நமக்கும் தெரிந்திருக்கும். சற்றே விலகி நிற்பவரே வேறோர் உலகின் செய்தியைக் கொணர்கிறார். அத்தகையோர் ஆண்டுதோறும் வந்து அமரும் இடம் தன்னார்வ அமைப்பு. அதன் தனிச்சிறப்பும் இதுவே.

பன்னிரண்டு ஆண்டுப் பின்னல்

அமைப்பு வழித் தொடர்பின் ஆற்றலை இருபதாம் நூற்றாண்டில் நன்கு காட்டியவர் தனிநாயகம் அடிகள். ஈழத்தில் 1913இல் பிறந்து, உரோமையில் இறையியல் கற்று, பின்னர் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் தமிழ் பயின்றவர் அவர். 1952இல் 'தமிழ்க் கல்ச்சர்' என்னும் ஆங்கில இதழைத் தொடங்கினார். பிற நாட்டு அறிஞர்கள் படிக்கக்கூடிய மொழியில் தமிழைப் பற்றிய ஆய்வுகளை அவர்களின் மேசைக்குக் கொண்டு சேர்த்ததே அவ்விதழின் பணி.

1964 சனவரியில் அனைத்துலகக் கீழ்த்திசை ஆய்வாளரின் 26ஆம் மாநாடு புதுதில்லியில் கூடியது. அங்கு வந்திருந்த தமிழார்வலர்களை அடிகளாரும் வ.அய். சுப்பிரமணியம் அவர்களும் ஒன்றுகூட்டினர். உலகத் தமிழாராய்ச்சி மன்றம் பிறந்தது. பிரான்சு நாட்டின் சான் பிலியோசா தலைவராகவும், அடிகளாரும் செக் நாட்டு அறிஞர் கமில் சுவலபிலும் செயலாளர்களாகவும் பொறுப்பேற்றனர். மன்றம் ஒரு கூட்டத்தில் தோன்றியது போலத் தோன்றலாம். ஆயின் அக்கூட்டத்திற்குப் பின்னால் இதழ் நடத்திய பன்னிரண்டு ஆண்டுகள் இருந்தன, கடிதங்கள் இருந்தன, பயணங்கள் இருந்தன.

அதன்பின் 1966இல் கோலாலம்பூரிலும், 1968இல் சென்னையிலும், 1970இல் பாரிசிலும், 1974இல் யாழ்ப்பாணத்திலும் மாநாடுகள் நிகழ்ந்தன. 1970இல் சென்னையில் உலகத் தமிழாராய்ச்சி நிறுவனம் உருப்பெற்றது. 1679இல் அம்பலக்காட்டில் அச்சிடப்பட்ட அந்தாம் தெ புரோயன்சாவின் தமிழ் – போர்த்துக்கீசிய அகராதி, வத்திக்கான் நூலகப் படியைக் கொண்டு, 1966இல் அடிகளாரால் கோலாலம்பூரிலிருந்து மீண்டும் வெளிவந்தது. உரோமையில் கற்றவர் என்னும் ஒரு தொடர்பும், மலாயாப் பல்கலைக்கழகப் பேராசிரியர் என்னும் மற்றொரு தொடர்பும் இணைந்த இடத்தில் அந்நூல் மீண்டது. சமயம், கல்வி, இதழியல் ஆகிய மூன்று தொழில்களின் உறவுகளையும் அவர் தமிழுக்கே செலவிட்டார்.

மாற்றுக் குறைந்த பொன்

திருமுதுகுன்றத்துப் பழைய வரலாறு ஒன்று இங்கு நினைக்கத்தக்கது. சுந்தரர் இத்தலத்தில் பன்னிரண்டாயிரம் பொன் பெற்றார். அதை மணிமுத்தாற்றில் இட்டுத் திருவாரூர்க் குளத்தில் எடுத்துக்கொள்ளுமாறு இறைவன் பணித்தான். 'ஆற்றில் போட்டுக் குளத்தில் தேடுவது' என்னும் வழக்கு அதிலிருந்தே பிறந்ததாகக் கூறுவர். உலகோர் அதை வீண்முயற்சிக்கு உவமையாக்கிவிட்டனர். பெரியபுராணக் கதையிலோ பொன் கிடைத்துவிடுகிறது. தொழில்முறைத் தொடர்பின் இயல்பும் அதுவே. உதவி செய்த இடத்திலேயே கைம்மாறு கிடைப்பதில்லை. இங்கு ஓர் இளங்கவிஞரின் கையெழுத்துப் படியைத் திருத்திக் கொடுத்த ஆசிரியருக்கு, பல ஆண்டுகள் கழித்து வேறோர் ஊரில், முன்பின் அறியாத ஒருவரிடமிருந்து அரியதொரு நூல் வரக்கூடும். இட்டவிடத்திலேயே உடனே எடுக்க நினைப்பவர் செய்வது வணிகம்.

அக்கதைக்கு இரண்டாம் பகுதியும் உண்டு. புறப்படுமுன் சுந்தரர் பொன்னில் மச்சம் வெட்டி எடுத்துக்கொண்டார். குளத்தில் கிடைத்த பொன்னை உரைத்துப் பார்த்தபோது மாற்றுக் குறைந்திருந்தது. அவர் வாளா இருக்கவில்லை. மீண்டும் பாடி உரிய தரத்தைப் பெற்றார். தொடர்புகளையும் அவ்வாறு உரைத்துப் பார்க்க வேண்டும். ஒருவர் நூலுக்கு மற்றவர் அணிந்துரை, மற்றவர் நூலுக்கு இவர் மதிப்புரை, இருவர்க்கும் பொதுவான மேடையில் பொன்னாடை என்று சுழலும் உறவு மாற்றுக் குறைந்த பொன். நட்பைப் பாடிய வள்ளுவரே நட்பாராய்தலுக்கும் கூடாநட்புக்கும் தனித்தனி அதிகாரம் வகுத்ததன் நோக்கம் இதுவாகும். குறையைக் குறையென்று கூறும் நண்பரை இழந்த வட்டத்தில் கூட்டம் பெருகலாம், கவிதை வளராது.

அதிகாரத்தின் நட்பும் ஆராயத்தக்கதே. 2010 சனவரியில் கோவையில் ஒன்பதாம் உலகத் தமிழ் மாநாட்டை நடத்தத் தமிழக அரசு விரும்பியபோது, மன்றத்தின் தலைவராக இருந்த சப்பானிய வரலாற்றறிஞர் நொபொரு கராசிமா, ஆய்வுக்கட்டுரைகளை அணியப்படுத்தக் காலம் போதாது என்றார். அரசு அவ்வாண்டு சூனில் உலகத் தமிழ்ச் செம்மொழி மாநாட்டைத் தனியே நடத்தியது. மன்றத்தின் எட்டாம் மாநாடு 1995இல் தஞ்சையில் நிகழ்ந்தது. ஒன்பதாம் மாநாடு 2015இல்தான் கோலாலம்பூரில் கூடியது. எது சரி என்பதில் கருத்து வேறுபாடு இருக்கலாம். ஆயினும் இரு பாடங்கள் தெளிவு. உதவக்கூடிய பெரியோரிடமும் 'இயலாது' என்று கூறும் உரிமையைத் தன்னார்வ அமைப்பு இழத்தலாகாது. அந்த உரிமைக்கு விலை உண்டு. அதைத் தாங்கும் அளவுக்கு உறுப்பினரிடையே உறவு உறுதியாக இருத்தல் வேண்டும்.

வாயிலுக்கு வெளியே நிற்போர்

தொடர்பின் மதிப்பைப் பேசும்போது அது யார்க்குக் கிடைக்கிறது என்னும் வினாவைத் தவிர்த்தல் நேர்மையன்று. கூட்டம் மாலை ஆறரை மணிக்குத் தொடங்குகிறது. உரைகள் ஒன்பது மணிக்கு முடிகின்றன. மெய்யான உரையாடல் அதன்பின் தேநீர்க் கடை வாசலில்தான் நடக்கிறது. எந்த இதழ் கவிதை கேட்கிறது, எந்தப் பதிப்பகம் புதியவர்க்கு இடந்தருகிறது, எந்தக் கருத்தரங்குக்குக் கட்டுரை அனுப்பலாம் என்பன அங்கேதான் சொல்லப்படுகின்றன. அந்நேரத்தில் பெண் உறுப்பினர் கடைசிப் பேருந்தைப் பிடிக்க விரைந்துகொண்டிருப்பார். அல்லது கூட்டத்திற்கே வந்திருக்கமாட்டார். அவருடைய கவிதையில் குறையில்லை. செய்தி அவரை எட்டவில்லை. சங்கத்தொகைகளில் முப்பதுக்கும் மேற்பட்ட பெண்பாற் புலவர்களை எண்ணிப் பெருமிதம் கொள்ளும் வட்டங்கள், தம் செயற்குழுவில் பெண்கள் எத்தனை பேர் என்றும் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

இக்குறையை உணர்ந்து செயலாற்றியவர்க்கும் முன்மாதிரி உண்டு. 'அம்பை' என்னும் பெயரில் எழுதும் சி.எசு. இலக்குமி, நீரா தேசாய், மைத்ரேயி கிருட்டிணராசு ஆகியோருடன் சேர்ந்து 1988இல் மும்பையில் 'சுபாரோ' என்னும் பெண்கள் ஆவணக் காப்பகத்தைத் தொடங்கினார். எழுத்தாளர், கலைஞர், போராளி எனப் பல துறைப் பெண்களின் குரலும் படமும் அங்குப் பதிவாகின. ஒருவரையொருவர் அறியாமல் தனித்தனியே உழைத்தவர்களை ஒரே கூரையின்கீழ்க் கொணர்ந்ததே அதன் பெருந்தொண்டு.

வட்டம் செய்யத்தக்கன

பெரிய நிதியோ கட்டடமோ இன்றி ஓர் ஊர் வட்டம் செய்யத்தக்கவை பல. உறுப்பினர் ஏட்டில் பெயர், முகவரிகளோடு தொழிலும் அவர் பிறர்க்குக் கற்றுத்தரக்கூடியதும் எழுதப்படலாம். மெய்ப்புத் திருத்தத் தெரிந்தவர் யார், கல்வெட்டுப் படிக்க வல்லவர் யார், வங்கிக் கணக்கை ஒழுங்காக எழுத வல்லவர் யார் என்பது அறியப்பட்டாலே பாதி வேலை முடிந்துவிடும். ஆண்டுக்கு இருமுறையேனும் இலக்கியத்திற்கு வெளியே தொழில் செய்வோரைப் பேச அழைக்கலாம். கடைவாசலில் பரிமாறப்படும் செய்திகளை எழுதிக் கூட்டத்திலேயே படிக்கலாம். வர இயலாதோர்க்கு அனுப்பலாம். மாதக் கூட்டங்களில் ஒன்றைப் பகற்பொழுதுக்கு மாற்றலாம்.

தொழிற்களத்தின் பேச்சு இலக்கியத்திற்கு எத்தகைய செல்வம் என்பதற்கு இவ்வட்டாரமே சான்று. விருத்தாசலத்தை அடுத்த மணக்கொல்லையைச் சேர்ந்த கண்மணி குணசேகரன், அரசுப் போக்குவரத்துக் கழகப் பணிமனையில் பணியாற்றியவர். நடுநாட்டுச் சொல்லகராதியைத் தொகுத்தவர் அவரே. வயலிலும் களத்திலும் தெருவிலும் மக்கள் வழங்கும் சொற்களைக் கேட்டுத் தொகுக்க, அவர்களோடு கலந்து பழகிய செவி வேண்டும்.

பத்தாண்டு நிறைவில் ஒரு வட்டம் தன் கூட்டங்களின் எண்ணிக்கையைக் கணக்கிடுவது மரபு. அத்துடன் வேறொரு கணக்கும் எடுக்கலாம். இவ்வட்டத்தின் வழியாக முதன்முதலில் சந்தித்து, பின்னர் ஒருவர் பணிக்கு ஒருவர் துணைநின்றோர் எத்தனை பேர்? முதல் கவிதையை இங்குப் படித்தவர்களுள் இன்றும் எழுதுவோர் எத்தனை பேர்? வந்து நின்று, யாரும் பேசாமையால் திரும்பிப் போனவர் எத்தனை பேர்? கடைசிக் கணக்கை எடுப்பது கடினம். ஆயினும் பதினோராம் ஆண்டின் பணி அதிலிருந்தே தொடங்குகிறது.