இனிஷியல் மாறிய தோழிகள்



நான் படித்த மகளிர் கல்லூரியின் முன்னாள் மாணவியர் சங்கத்துக்குச் செயலாளராகப் பொறுப்பேற்ற அன்று, பச்சை அட்டை போட்ட ஒரு நீளப் பதிவேட்டைக் கையில் கொடுத்தார்கள். எண்ணூறுக்கு மேல் பெயர்கள். ஒவ்வொரு பெயருக்கும் எதிரே முகவரி. அந்த ஆண்டு அழைப்பிதழ்களை அந்த முகவரிகளுக்கெல்லாம் அனுப்பினோம். பாதிக்கு மேல் அப்படியே திரும்பி வந்தன.

செயற்குழுவில் மூத்தவர் ஒருவர், "பெண்களுக்குக் கல்யாணம் ஆகிவிட்டால் இதிலெல்லாம் ஆர்வம் இருக்காது" என்றார். எனக்கு மனம் ஒப்பவில்லை. பதிவேட்டை மறுபடி புரட்டினேன். அதில் இருந்தவை எல்லாம் அப்பா வீட்டு முகவரிகள். அந்த வீட்டை விட்டு மகள் போய் முப்பது ஆண்டு ஆகியிருக்கும். அப்பாவும் காலி செய்திருப்பார். பெயரும் அதே பெயராக இருக்காது. கல்லூரியில் அப்பாவின் முதலெழுத்தைப் போட்டவள் இன்று கணவரின் முதலெழுத்தைப் போடுகிறாள். ஆண்கள் படித்த கல்லூரிகளின் சங்கங்களுக்கு இந்தச் சிக்கல் இல்லை. எங்கள் தோழிகள் எங்களை விட்டுப் போகவில்லை. நாங்கள்தான் அவர்களைத் தொலைத்திருந்தோம்.

வகுப்புப் பட்டியலை ஒதுக்கிவிட்டு விடுதிப் பதிவேட்டை எடுத்தோம். வகுப்பில் அறுபது பேர். அறையில் நான்கே பேர். அந்த நால்வரும் ஒருவர் கல்யாணத்துக்கு ஒருவர் போயிருப்பார்கள், புகுந்த ஊரின் பெயராவது தெரிந்திருக்கும். அறைக்கு ஒருவர் கிடைத்தால் மற்றவர்கள் தானாகக் கிடைத்தார்கள். வீட்டிலிருந்து வந்து போனவர்களிடம், "உங்களோடு அதே பஸ்ஸில் வந்தது யார் யார்?" என்று கேட்டோம். மேஜர் என்னவென்று மறந்தவர்கள்கூட, ஜன்னலோர இடம் பிடித்து வைத்த தோழியை மறக்கவில்லை.

தேடிப் பிடித்த பிறகுதான் உண்மையான தடை தெரிந்தது. வேதியியல் படித்த ஒருவரிடம் தொலைபேசியில் பேசினேன். இருபத்திரண்டு ஆண்டாக வீட்டைப் பார்த்துக்கொள்பவர். நன்கொடை கேட்கப் போகிறேனோ என்று முதலில் தயங்கினார். அது இல்லை என்று தெரிந்ததும் குரலைத் தாழ்த்தி, "நான் ஒண்ணும் ஆகலையே அக்கா, வந்து என்னன்னு சொல்லிக்கிறது?" என்றார்.

அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. ஆண்டுதோறும் மேடையில் யாரை உட்கார வைக்கிறோம்? மாவட்ட ஆட்சியரை, மருத்துவரை, வெளிநாட்டிலிருந்து வந்தவரை. அவர்களைக் கொண்டாட வேண்டும், சந்தேகமில்லை. ஆனால் கீழே உட்கார வேண்டியவள், தனக்கு அங்கே இடமில்லை என்று முடிவு செய்து வீட்டிலேயே இருந்துவிடுகிறாள். உறுப்பினர் படிவத்தில் 'பதவி' என்று இருந்த கட்டத்தை எடுத்துவிட்டு, 'உங்களுக்கு எது நன்றாகத் தெரியும்?' என்று மாற்றினோம். சந்தா கேட்பதை இரண்டாவது ஆண்டுக்குத் தள்ளினோம். பொருளாளருக்கு வருத்தம்தான். இருந்தாலும் அது சரியான முடிவு என்றே இன்றும் நினைக்கிறேன்.

அந்த வேதியியல் தோழி இப்போது புதன்கிழமைதோறும் கல்லூரிக்கு வருகிறார். பள்ளியில் தமிழ்வழியில் படித்துவிட்டு இங்கே ஆங்கிலப் பாடநூலைப் பார்த்து மிரளும் முதலாண்டு மாணவியர் நான்கைந்து பேரை உட்காரவைத்து, பாடத்தைத் தமிழில் சொல்லிக் கொடுத்து, பிறகு ஆங்கிலத்தில் எழுத வைக்கிறார். அரசுப் பள்ளியில் படித்து உயர்கல்விக்கு வரும் பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப்பெண் திட்டம் 2022-இல் தொடங்கியது. வீட்டில் முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதிக்கும் பெண்ணுக்கு அந்தப் பணம் பெரிய உதவி. பக்கத்தில் உட்கார்ந்து, "எனக்கும் இது முதலில் புரியவில்லை" என்று சொல்ல ஒரு அக்காவும் வேண்டும். அதை எந்தத் திட்டத்தாலும் கொடுக்க முடியாது.

முன்னாள் மாணவியரால் என்ன ஆகும் என்று கேட்பவர்களுக்குச் சென்னை ராணி மேரிக் கல்லூரியைச் சொல்வேன். 1914-இல் மெரினா கடற்கரை எதிரே தொடங்கியது. சென்னை நகரில் பெண்களுக்கென்று அமைந்த முதல் கல்லூரி. தாவரவியல் அறிஞர் ஜானகி அம்மாளும், நேதாஜியின் படையில் பெண்கள் அணிக்குத் தலைமை தாங்கிய லட்சுமி சேகலும் அங்கே படித்தவர்கள். 2003-இல் அந்தக் கல்லூரி இருக்கும் இடத்தில் புதிய தலைமைச் செயலகம் கட்டப் போவதாக அரசு அறிவித்தது. மாணவியர் வளாகத்தை விட்டு நகராமல் போராடினார்கள். என்றோ படித்து முடித்துப் போன பழைய மாணவியரும் அவர்களோடு நின்றார்கள். திட்டம் கைவிடப்பட்டது. கல்லூரி இன்றும் அங்கேயே இருக்கிறது.

கட்டடத்தை இடிக்கிறார்கள் என்றால் எல்லோரும் வருவோம். சாதாரண நாளில் வரவழைப்பதற்குச் சின்னச் சின்ன ஏற்பாடுகள் வேண்டும். முன்பு கூட்டத்தை ஞாயிற்றுக்கிழமை வைத்தோம். வீட்டில் எல்லோரும் இருந்து மதியச் சாப்பாட்டுக்குக் காத்திருக்கும் நாளில் ஒரு பெண் எப்படிக் கிளம்புவாள்? சனிக்கிழமை பிற்பகல் இரண்டு மணிக்கு மாற்றினோம். நான்கு மணிக்கு நிச்சயம் முடித்துவிடுவோம். வெளியூர்க்காரர்கள் இருட்டுவதற்குள் வீடு சேர வேண்டும். குழந்தைகளை அழைத்து வரலாம், மாமியாரையும் அழைத்து வரலாம். மாமியார்களில் இருவர் எங்கள் கல்லூரியிலேயே படித்தவர்கள் என்று அப்படித்தான் தெரிய வந்தது!

வாட்ஸ்அப் குழுவையும் சொல்ல வேண்டும். காலை வணக்கப் படங்கள் குவிந்ததும் பலர் சத்தமில்லாமல் விலகினார்கள். இப்போது துறைவாரியாகச் சிறு குழுக்கள். வாரத்துக்கு ஒரு செய்தி, அதுவும் யாராவது ஏதாவது செய்ய வேண்டிய செய்தி. இன்னும் சங்கம் இல்லாத கல்லூரிகளுக்கும் ஒன்று சொல்வேன்: சங்கத்தைப் பதிவு செய்வது கடினமில்லை. தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டப்படி ஏழு பேர் போதும். பல கல்லூரிகளில் நாக் தரமதிப்பீடு நடக்கும் ஆண்டில்தான் பழைய மாணவியர் நினைவு வருகிறது. அந்த ஏழு பேரும் ஊக்கமாக இருந்தால் மதிப்பீடு முடிந்த பிறகும் சங்கம் நடக்கும்.

எங்கள் விடுதியில் நான் இருந்தது பதினான்காம் எண் அறை. நால்வரில் மூவர் ஒன்று சேர்ந்துவிட்டோம். நான்காமவள் எந்த ஊரில் இருக்கிறாள், இப்போது என்ன இனிஷியல் போடுகிறாள் என்று எங்களுக்குத் தெரியவில்லை. வார்டனுக்குக் கேட்காதபடி தலையணைக்கு அடியில் டிரான்சிஸ்டரை வைத்து, இரவெல்லாம் வானொலி கேட்பாள். புதன்கிழமை வகுப்புக்குக் கணக்கு சொல்லிக்கொடுக்க ஆள் தேடிக்கொண்டிருக்கிறோம். அவள் கணக்கில் கெட்டிக்காரி.